பழைய படங்களை எதில் ஒட்டுவது?

கேள்வி: அக்கா, அம்மாவின் பழைய படங்கள் ஒட்டும் அல்பத்தில் மஞ்சளாகிக் கிடக்கின்றன. அவற்றை வைத்து ஸ்கிராப்புக், அதாவது படங்களை அலங்கரித்து ஒட்டிக் குறிப்பெழுதும் நினைவுப் புத்தகம், செய்ய ஆசை. அசிட் ஃப்ரீ, மேட், ஜேர்னலிங் என்கிறார்களே, அதெல்லாம் என்ன? எங்கே தொடங்குவது?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, முதலில் படங்களை அந்த அல்பத்திலிருந்து மீட்க வேண்டும். அதன் பசைதான் படத்தைக் கெடுக்கிறது. தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் எடுத்துவிடுங்கள். பிறகு டென்டல் ஃப்ளோஸ் நூலைப் படத்துக்கும் மட்டைக்கும் நடுவே விட்டு, இரண்டு கையாலும் மெதுவாக அறுப்பதுபோல் இழுங்கள். கழன்று வராததைப் பிடுங்க வேண்டாம், பக்கத்தோடு வெட்டி வையுங்கள்.

சாதாரணக் கடதாசியில் மரத்திலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் இருக்கும். அது நாளடைவில் அமிலமாகிப் படத்தையும் மஞ்சளாக்கும். அமிலம் இல்லாத தாள்தான் அசிட் ஃப்ரீ. பத்திரிகைத் துண்டில் லிக்னின் அதிகம்; நல்ல தாளில் போட்டோக்கொப்பி எடுத்து அதை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வாங்கினால் பிவிசி வேண்டாம், பொலிப்புரொப்பிலீன் கேளுங்கள்.

மேட் என்பது படத்துக்குப் பின்னால் சற்றுப் பெரிதாக வைக்கும் வர்ண மட்டை, அவ்வளவுதான். பக்கம் வழக்கமாக 12 அங்குலச் சதுரம். ஏ4 போதும், எங்கும் கிடைக்கும். மூலப் படத்தில் பசை படவே கூடாது. நான்கு மூலையிலும் கடதாசி முக்கோணம் வைத்துச் செருகுங்கள். வெட்டுவதென்றால் பிரதியை வெட்டுங்கள். அதிலும் பின்னணியை வீணென்று நினைக்காதீர்கள். பழைய வேலியும் கிணறும் சைக்கிளும் அங்கேதானே இருக்கின்றன!

எனக்கு இதில் மிகப் பிடித்தது ஜேர்னலிங். யார், எங்கே, எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று படத்துக்குப் பக்கத்தில் எழுதுவது. அம்மாவைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள், முடிந்தால் அவர் கையாலேயே எழுத வையுங்கள். தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனை நல்லது. படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில் மட்டும். போல்பொயிண்ட் முன்பக்கத்தில் தடம் போடும்.

மாரியில் ஒட்டும் வேலை வேண்டாம். கடதாசி ஈரம் இழுத்து நெளியும். முடிந்த அல்பத்தை வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காமல், உள்ளறையில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் நம் கரையோரத்தில் எத்தனையோ! அதனால் எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரமாக இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.