ஓச்சி என்றால் தம்பி

கேள்வி: நம் பினாங்கு ஃபைஸ் சுப்ரி வாங்கினாரே, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது. அந்தப் புஸ்காஸ் பெரிய ஆட்டக்காரர், சரி. கோச்சாகவும் அவரைக் கொண்டாடுகிறார்களே, ஏன்? கோப்பைகளை எண்ணினால் பத்து விரல்கூடத் தேவைப்படாது போலிருக்கிறதே!
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: விரல் விட்டு எண்ணுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் ஆட்டக்காரர் புஸ்காஸோடு நின்றுகொள்ளுங்கள். ஹங்கேரிக்கு 85 ஆட்டம், 84 கோல். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ரியால் மாட்ரிட்டுக்கு அவர் ஒருவரே நாலு.

கோச் புஸ்காஸ் வேறு கதை. 1971-ல் ஏதென்ஸின் பனாதினைகோஸ் அணியை அதே கோப்பையின் இறுதிக்குக் கொண்டுபோனார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பெல்கிரேடில் 4-1 என்று உதை வாங்கி, ஊருக்குத் திரும்பி 3-0 என்று ஜெயித்து, மொத்தம் 4-4 என்று சமமாக்கி, சமமானால் வெளியூர் கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதிப்படி, வெளியூரில் போட்ட அந்த ஒற்றை கோலால் தப்பித்தார்கள். வெம்ப்ளியில் அயாக்ஸிடம் 2-0 தோல்வி. அதனால் என்ன? வேறு எந்தக் கிரேக்க அணியும் இன்றுவரை அந்த இறுதியை எட்டவில்லை.

எனக்குப் பிடித்தது மெல்பர்ன் புஸ்காஸ். 1989-ல் சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ் என்ற அணிக்குப் போனார். பிழைக்க வந்த கிரேக்கர்கள் கட்டிய கிளப். இவருக்கு ஆங்கிலம் தகராறு, ஆனால் ஏதென்ஸில் பழகிய கிரேக்க மொழி கைகொடுத்தது. அணித்தலைவராக இருந்த இளைஞர்தான் மொழிபெயர்ப்பாளர், அவரேதான் கார் ஓட்டியும். அந்த இளைஞர் ஆஞ்சே போஸ்தகோக்லு, 2025-ல் கோச்சாக இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்கு யூரோப்பா லீக் கோப்பை வாங்கித் தந்தவர். 1991-ல் ஹெல்லாஸ் ஆஸ்திரேலிய லீக்கை ஜெயித்தது. மெல்பர்னில் இன்று புஸ்காஸுக்குச் சிலையே இருக்கிறது.

உலகப் புகழோடு வந்தவர், ஊர் விட்டு வந்தவர்களின் கிளப்பில் அவர்கள் பாஷையிலேயே பேசினால் விடுவார்களா? தோட்டத்தில் பிறந்த எனக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ஹங்கேரியில் அவரை 'ஓச்சி' என்பார்களாம். தம்பி என்று அர்த்தம்!

கேள்வி: அண்ணே, ஊருக்கெல்லாம் பந்து பற்றிச் சொல்கிறீர்கள். நீங்கள் ஆடியதுண்டா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உண்டு தங்கச்சி. தோட்டத்து அணிக்குக் கோல்கீப்பர். ஓடத் தெரியாதவனைத்தானே அங்கே நிறுத்துவார்கள். எங்கள் கோச் ஆபீஸ் கிராணி. காலில் சப்பாத்து இல்லாத பையன்களுக்குச் சம்பள நாளில் வாங்கித் தருவார். ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. அவர் இறந்தபோது லோரி பிடித்து நாலு தோட்டத்து ஆட்கள் வந்தார்கள், எங்களை 7-0 என்று அடித்தவர்கள் உட்பட.

கேள்வி: ஃபைஸ் அடித்த அந்த ஃப்ரீ கிக் திறமையா, காற்றா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: 2016-ல் பகாங்குக்கு எதிராக அடித்ததுதானே? ஒட்டுக்கடையில் பேரன் கைப்பேசியில் காட்டினான். கோல்கீப்பர் ஒரு பக்கம் நகர, பந்து நடுவானில் மனசு மாறி மறுபக்கம் போனது. காற்று என்றால் நீங்களும் ஒன்று அடித்துக் காட்டுங்களேன், தே தாரிக் என் செலவு.