பையனை சேலத்துக்கு அனுப்பலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

டாக்டர் குடுத்த சீட்டுல இருக்கற நம்பருக்கு மொதல்ல போன் போடு கண்ணு, மிச்சத்தை அப்புறம் படி. நீங்க வாங்கன்னு எழுதப் பாத்தேன், வரல, நம்ம ஊர்ப் பொண்ணு, நீன்னே எழுதறேன், தப்பா நெனச்சுக்காத.

நீ கேட்டது இதுதானே. நியூஜெர்சி வந்து 4 மாசம் ஆச்சு, பையனுக்கு 2 வயசு 5 மாசம், பேச்சு வரல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதில்ல, குழந்தை டாக்டர் 20 கேள்வி இருக்கற ஒரு பாரத்தை நிரப்பச் சொல்லிட்டு ஆட்டிசமா இருக்கலாம், இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு சீட்டு குடுத்தாரு. பேசினா விசாவுக்கு ஏதாவது ஆகுமா, வீட்ல தமிழை நிறுத்தணுமா, மாமியார் ஆறு மாசம் சேலத்துல அம்மாபேட்டை வீட்ல விடச் சொல்றாங்க விடலாமா.

நான் ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருக்கேன், அஸ்தம்பட்டி வீட்டு மாடில உக்காந்துதான் டைப் பண்றேன், கீழ எங்க பையன் தட்டுவடை செட்ல இருக்கற தட்டுவடையை மட்டும் தனியா எடுத்து வரிசையா அடுக்கிட்டு இருக்கான். 11 வயசு. அவனுக்கு 2 வயசு 3 மாசம் ஆகும்போது நானும் உன்னை மாதிரி கேட்டுத்தான் ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன், ரெண்டு மாசம்னு வந்தது எட்டு மாசம் ஆச்சு. அவன் மாமனும் நாலு வயசுலதான் பேசினான்னு எல்லாரும் சொன்னாங்க. நாக்குல வசம்பு தேச்சாங்க. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, இன்னைக்கும் போயிட்டுத்தான் வந்தேன்.

அப்ப ஒரு நாள் ஏற்காடு போனோம். அந்த ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கும்ல, இவன் ஒண்ணு விடாம படிச்சான், ஒன் டூ த்ரீன்னு இருபது வரைக்கும், கார்ல இருந்த அத்தனை பேரும் கை தட்டினாங்க, இவ்வளவு அறிவான புள்ளைக்கு என்ன கோளாறுன்னு எங்க மாமா என்னைத்தான் திட்டினாரு, எனக்கும் உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா வழி நெடுக அத்தனை கொரங்கு உக்காந்திருந்துச்சு, ஒண்ணைக் கூட விரல் நீட்டி அங்க பாரும்மான்னு எனக்குக் காட்டல. என் மூஞ்சியை ஒரு தரம் திரும்பிப் பாக்கல. எத்தனை நம்பர் தெரியுதுன்னு நாங்க எண்ணினோம், டாக்டருங்க பாக்கறது அந்த விரல் நீட்டறதைத்தான். உனக்குக் குடுத்த பாரத்துலயும் அது இருந்திருக்கும். அது 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு, உன் பையன் கடைசி மாசத்துல நிக்கறான். அந்தப் பாரமே ஆட்டிசம்னு முடிவு பண்றதில்ல, மேல பாக்கணும்னு மட்டும் சொல்லும்.

இப்ப முக்கியமானது. அமெரிக்காவுல மூணு வயசு வரைக்கும் ஏர்லி இன்டர்வென்ஷன்னு, வளர்ச்சி பின்தங்கின குழந்தைங்களுக்குச் சீக்கிரமே உதவற ஏற்பாடு சட்டப்படியே இருக்கு, டாக்டர் லெட்டர் வேண்டாம், நீயே கூப்பிடலாம். கூப்பிட்ட நாள்ல இருந்து 45 நாளைக்குள்ள வந்து பாத்து, உங்களோட உக்காந்து திட்டம் போடணும். பாக்கறதுக்குக் காசில்ல, தெரபிக்கு நியூஜெர்சில வருமானத்தைப் பொறுத்து கொஞ்சம் கட்டச் சொல்லலாம். ஆட்டிசம்னு பேர் வைக்கற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், வளர்ச்சி பின்தங்கி இருக்குன்னு தெரிஞ்சாலே போதும். தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்க, உன் கார்ப்பெட்டுல உக்காந்து உன் பையனோட விளையாடுவாங்க, நம்மாளுங்க பாத்தா இதுக்கா காசும்பாங்க. அந்த விளையாட்டை நீ கத்துக்கறதுதான் விஷயம், வாரத்துல மிச்ச நேரமெல்லாம் நீதானே கூட இருக்க.

நான் அமெரிக்கா திரும்பிப் போனப்ப இவனுக்கு 2 வயசு 11 மாசம். மூணு முடிய 45 நாள்கூட இல்ல, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டை, அதான் அந்த ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகத்தை, பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. மூணுக்கு மேல அவங்க பொறுப்பு, அதுவும் இலவசம்தான், ஐஇபின்னு அந்தக் குழந்தைக்குன்னே தனிப் படிப்புத் திட்டம் எழுதிக் குடுப்பாங்க, கதவு அடைஞ்சு போயிடல. ஆனா அந்த எட்டு மாசம் எனக்கு இன்னும் உறுத்துது. உனக்கு பிப்ரவரி வரைக்கும் நேரம் இருக்கு, அதை சேலத்துல செலவு பண்ணாத.

விசா பத்தி பயப்படாத, எந்த விசான்னு பாத்துத் தகுதி முடிவு பண்றதில்ல. உன் கையெழுத்து இல்லாம பையனைப் பாக்கவே மாட்டாங்க. பள்ளிக்கூடமும் அப்படித்தான், குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளையைச் சேக்க மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு 1982லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு.

தமிழை நிறுத்தாதம்மா. ரெண்டு மொழியால பேச்சு லேட் ஆகறதில்ல, நல்லா வராத இங்கிலீஷ்ல நீ கொஞ்சினா அது கொஞ்சலாவும் இருக்காது. வர்றவங்ககிட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்னாடியே கேளு. எங்க பையனைப் பாக்க வந்த அம்மா இங்கிலீஷ்ல பால் (ball) எங்கன்னு கேட்டப்ப இவன் ஃபிரிட்ஜைப் பாத்தான், அந்தம்மா புரியலன்னு குறிச்சுக்கிட்டாங்க! பந்துன்னு கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பான்.

இன்னும் ரெண்டு வேலை. காது டெஸ்ட் பண்ணிடு, கூப்பிட்டா திரும்பாததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ஆட்டிசமா இல்லையான்னு முடிவு சொல்ற ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கிட்ட இன்னைக்கே பேர் பதிஞ்சு வை, மாசக்கணக்குல வரிசை. அவரு எழுதிக் குடுக்கற காகிதம் இருந்தாத்தான் இன்சூரன்ஸ் ஏபிஏங்கற நடத்தைப் பயிற்சி தெரபிக்குக் குடுக்கும், அதுலயும் கம்பெனியே பணம் போட்டு நடத்தற பிளான்னா, ஆட்டிசத்துக்குக் குடுத்தே ஆகணும்ங்கற ஸ்டேட் சட்டம் அதுக்குச் செல்லாது, வீட்டுக்காரரை எச்ஆர்ல கேக்கச் சொல்லு. ஏபிஏல வாரம் 40 மணி நேரம்னு எடுத்ததும் கையெழுத்து போடாத, நீ கூட உக்காந்து பாக்க விடாத இடமா இருந்தா வேண்டாம், குழந்தை கைதட்டிக் குதிக்கறதை நிறுத்தறதே குறியா இருந்தாலும் வேண்டாம். இது என் அபிப்பிராயம், எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க.

சேலத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்லல. பெரியாஸ்பத்திரிலயே குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கு, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகை ஊனத்துல ஆட்டிசமும் ஒண்ணு, அடையாள அட்டை வாங்கலாம், நிராமயான்னு 1 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு. குடும்பத்தோட ஊருக்கே திரும்பி வர்றதா இருந்தா வா, தைரியமா வா. குழந்தையை மட்டும் அனுப்பறதுதான் வேண்டாம்.

தடுப்பூசியாலன்னு யாராவது சொன்னா, அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010ல வாபஸ் வாங்கிடுச்சுன்னு சொல்லு. நீ கர்ப்பத்துல சாப்பிட்ட சாப்பாடு, டிவி போட்டது எதுவும் காரணமில்ல.

மாமியாரை நான் பாத்துக்கறேன். எங்க பையனையும் கூட்டிட்டு ஞாயித்துக்கெழமை அம்மாபேட்டை வரேன், அவன் ரெண்டு மூணு வார்த்தைல பேசுவான், மிச்சத்தை டேப்லெட்ல தட்டிக் காட்டுவான், ஹார்ன் சத்தத்துக்கு ஹெட்போன் மாட்டிக்குவான், அவங்களே நேர்ல பாக்கட்டும். காப்பிக்கு மட்டும் சொல்லி வை.