சின்ன மண்டபத்தில் பண்டாரவன்னியன் கூத்து

கேள்வி: வன்னியில் ஏதாவது ஒரு சின்ன மண்டபத்தில், புதிதாக எழுதிய பாட்டு நாடகம் பார்த்திருக்கிறீர்களா? தூரத்திலிருந்து வந்து பார்க்கிற அளவுக்குப் பெறுமதியா?

பார்த்திருக்கிறேன். கட்டாயம் வாருங்கள்.

நான் பார்த்தது ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில். ஊர் இளைஞர்கள், ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் கதையைக் கூத்தாகப் போட்டார்கள். நூறு கதிரை கூடக் கொள்ளாத இடம், மிச்சச் சனம் யன்னலடியில் நின்றது. தனியாக மேடை இல்லை. ஆடுபவர்களின் சதங்கைக்கும் முன்வரிசைக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான்.

அந்த நெருக்கம்தான் இந்தக் கூத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கோவில் வெளியில் விடிய விடிய நடக்கும் காத்தவராயன் கூத்தில் நாலு வரி காதில் விழாவிட்டாலும் பாதகமில்லை. ஆரியமாலை யார், கழுமரத்தில் ஏறப்போவது யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தும் அப்படித்தான். புதிதாக எழுதிய கூத்து வேறு. மெட்டு பழசாக இருந்தாலும் வரி புதுசு, ஒரு சொல் தப்பினால் கதை தப்பிவிடும். இங்கே ஒலிவாங்கியே வைக்கவில்லை. வெளியரங்கில் நல்ல ஆட்டக்காரர்கள் கூட ஒலிவாங்கியைத் தேடிப் போய் அதற்கு முன்னால் நட்ட மரமாக நிற்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. இங்கே பாடிக்கொண்டே முழு இடத்தையும் சுற்றி ஆடினார்கள், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

கதை 1803 ஆம் ஆண்டில் நடக்கிறது. ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பீரங்கிகளைக் கைப்பற்றுகிறான். ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்கிறான். டிறிபேர்க்குக்கு எந்த மெட்டைக் கொடுப்பது என்பதில்தான் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் கெட்டித்தனம் தெரிந்தது. அவன் வரவுக்கு மத்தளத்தை நிறுத்திவிட்டு, வெறும் தாளத்தை மட்டும் ஒரே சீராகத் தட்ட வைத்தார். ஆட்டம் கிடையாது, விறைப்பான நடை மட்டும். பிறகு வன்னியன் எதிரே வந்ததும் மத்தளம் சேர்ந்துகொள்ள, இருவரும் தர்க்கம் பாடினார்கள். ஒருவன் பாடி முடிக்க முன்னமே மற்றவன் அடியை எடுக்கிறான், பிற்பாட்டுக்காரர் இரண்டு பக்கமும் இழுபடுகிறார்கள். வசனத்தில் பத்து நிமிடம் பேசினாலும் அந்தப் பகை அப்படி ஏறியிருக்காது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். காக்கைவன்னியன் காட்டிக்கொடுக்கும் கட்டம் மிகவும் நீண்டுவிட்டது. அதற்கு ஓர்கனில் சினிமாப் பாணி சோக இசை போட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆர்மோனியம் பக்கத்தில் இருக்கும்போது அது எதற்கு?

முடிவு எனக்குப் பிடித்தது. கற்சிலைமடுவில் வெள்ளையர் நாட்டிய நினைவுக்கல், டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்றுதான் சொன்னது, கொன்றான் என்று சொல்லவில்லை. கூத்தும் அதோடு நின்றது. வீரனைச் சாகடித்து ஒப்பாரி வைத்துச் சனத்தை அழவைப்பது சுலபம், அதை அவர்கள் செய்யவில்லை.

நாடகம் முடிந்த பிறகு அண்ணாவியாரோடு கதைத்தேன். இடப்பெயர்வில் பழைய கூத்துக் கொப்பிகள் போய்விட்டதால், வயதானவர்களைப் பாடவைத்துத்தான் மெட்டுகளைத் திரும்பச் சேர்த்தார்களாம். பெடியன்கள் ஒவ்வொரு பாட்டையும் வாய்மொழியாகவே பாடமாக்கியிருக்கிறார்கள். இது இன்னும் பல ஊர்களில் நடக்கவேண்டும் என்பது என் ஆசை.

வருவதென்றால், கூத்து நடக்கும் ஊரில் யாரையாவது முன்கூட்டியே கேட்டு நாளை உறுதிப்படுத்துங்கள், மழைக்காலத்தில் தள்ளிப்போடுவார்கள். நேரத்தோடு போய் மத்தளக்காரர் இருக்கும் பக்கமாக இடம்பிடியுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் முடியும், திரும்பிப் போக வாகனத்தை முதலே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.