சிறுகோள்களுக்கு மனிதர்களின் பெயர் எப்படிக் கிடைக்கிறது?

சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் பாறைத் துண்டு. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கின்றன. கண்டுபிடித்தவுடன் யாரும் பெயர் வைத்துவிட முடியாது. பிறப்புச் சான்றிதழை முதலில் பெயரில்லாமல் பதிந்துவிட்டு, பிறகு பெயர் சேர்க்கிறோமே, அதே கதைதான்.

சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் சிறுகோளையே எடுத்துக்கொள்வோம். 1988இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன் தற்காலிக அடையாளம் '1988 டீ.பி.' (1988 TP). முதல் எழுத்து அக்டோபரின் முற்பாதியைக் குறிக்கும்; இரண்டாவது, அந்தப் பாதியில் அது எத்தனையாவது என்பதைச் சொல்லும். அப்புறம் சுற்றுப்பாதை சந்தேகமில்லாமல் உறுதியானதும் 4538 என்ற நிரந்தர எண் வந்தது. ஏன் இவ்வளவு பொறுமை? பாதை தெரியாத பாறை மறுபடி கண்ணில் படாமலே போகலாம்; தொலைந்ததற்குப் பெயர் வைத்து என்ன பயன்? 'விஷியானந்த்' என்ற பெயர் 2015இல்தான் சேர்ந்தது.

பெயரை முன்மொழியும் முதல் உரிமை கண்டுபிடித்தவருக்கு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், விளம்பரம் கூடாது. அரசியல், ராணுவப் பிரமுகர் என்றால் இறந்து நூறு ஆண்டு கழிய வேண்டும். நல்ல விதி! ஒருவர் தன் பூனை 'மிஸ்டர் ஸ்பாக்' பெயரைச் சூட்டிய பிறகு, செல்லப்பிராணிகளின் பெயர்களையும் வேண்டாம் என்கிறார்கள்.

பணம் கட்டினால் பெயர் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்காது, இணையத்தில் விற்கும் 'நட்சத்திரப் பெயர்ச் சான்றிதழ்' எதையும் வானியலாளர்கள் ஏற்பதில்லை.