ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின் பாத்திரம்) ஹாட் சாக்லேட் செய்தால் கோகோ அடியில் தங்குகிறது, மேலே ஆடை படிகிறது. ஏன்?

கோகோத் தூள் பாலில் கரையாது. துகளாகப் பரவி நிற்கும், அவ்வளவுதான். அப்படியே கொட்டினால் கட்டி தட்டி, அடியில் இறங்கிவிடும். முதலில் கோகோவையும் சர்க்கரையையும் கலந்து, கொஞ்சம் சூடான பால் விட்டு, கரண்டியில் ஒட்டும் விழுதாகக் குழைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மீதிப் பால். 2 லிட்டருக்கு அரை கப் கோகோ, 150 கிராம் டார்க் சாக்லேட், ஒரு சிட்டிகை உப்பு போதும்.

'லோ'வில் 2 மணி நேரம் வையுங்கள். 'ஹை' வேண்டாம், ஓரத்தில் பால் பிடித்தால் அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது.

ஆடை என்பது பாலின் புரதமும் கொழுப்பும் மேற்பரப்பில் காய்ந்து சேர்வது. (எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.) மூடியே வைத்து, அரை மணிக்கொருமுறை அடிவரை துழாவினால் அவ்வளவாகப் படியாது. சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிக் கடைசி அரை மணியில் போட்டால் போதும்.