14 ஆம் நம்பர் ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்?

கேள்வி: 14 கேஜ் செம்பு ஒயர் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது. 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டருக்கு இதைப் போடலாமா? ஒரு அட்டவணையில் இதன் குறுக்குப் பரப்பு 2.08 சதுர மி.மீ., இன்னொன்றில் 3.24 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். கேஜ் என்பது கம்பியின் பருமனைச் சொல்லும் நம்பர். முதலாவது அமெரிக்க கேஜ், இரண்டாவது பழைய பிரிட்டிஷ் கேஜ். நம்பர் ஒன்றுதான், கம்பி வேறு. தொழில் பழகின காலத்தில் எனக்கு இது தெரியாது. ‘14’ என்று கேட்டு வாங்கி, மாட்டிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், ஸ்க்ரூ பக்கத்தில் சிவப்பு இன்சுலேஷன் பழுப்பேறி மொரமொரத்துப் போயிருந்தது. லேசாக வளைத்தேன், உதிர்ந்துவிட்டது. அந்த வீட்டில் ஆள்கள் தூங்கிக்கொண்டிருந்த ராத்திரிகளை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் நம்பரை விடுங்கள், அளந்து பாருங்கள். ஒற்றைக் கம்பி என்றால் காலிப்பரில் விட்டம் 1.63 மி.மீ. காட்டினால் அமெரிக்க 14, 2.03 காட்டினால் பிரிட்டிஷ் 14. பல இழை என்றால் ஓர் இழையின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.785-ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். பரப்பு கிடைத்துவிடும்.

உங்கள் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அமெரிக்க வீட்டு வயரிங்கில் 14-க்கு 15, 12-க்கு 20, 10-க்கு 30 ஆம்பியர் பிரேக்கர் (கரன்ட் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போடுவார்கள். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விடாமல் ஓடும் லோடு என்றால் அதில் 80 சதவீதம்தான் கணக்கு. அப்போது 14-க்கு மிஞ்சுவது 12 ஆம்பியர், உங்களுக்குப் போதாது. பிரிட்டிஷ் 14 என்றால் அது அமெரிக்க 12-ஐவிடக் கொஞ்சம்தான் மெலிசு, 16 ஆம்பியர் எம்சிபியோடு (நம் ஊர் பிரேக்கர்) போடலாம். ஆனால் ஒயர் போகும் அதே குழாயில் வேறு லோடு ஒயர்களும் நெருக்கி ஓடினால், சூடு வெளியேற வழியிருக்காது. அப்போது இன்னும் பருமனாகப் போங்கள்.

கரன்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நாலு மடங்கு. அமெரிக்க 14-லிருந்து 10-க்குப் போனால் செம்பு இரண்டரை மடங்காகிறது, தாங்கும் கரன்ட் இரண்டு மடங்குதான். சூட்டை வெளியே விடும் மேற்பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை, அதுதான் காரணம்.

அப்புறம், அளக்கும் முன் நுனியை வெட்டி முகத்தைப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். மேலே சொன்ன ஆம்பியர் எதுவும் அதற்குப் பொருந்தாது, ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.