விலை இறங்கினால் கொள்கையும் இறங்கும்

கேள்வி: அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் 'தேசிய எரிசக்திக் கொள்கை வேண்டும்' என்கிறார்களே, இத்தனை வருடமாக ஒன்றுமே செய்யவில்லையா?

பதில்: செய்யாமல் என்ன, கொள்கைக்குப் பஞ்சமே இல்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்து, பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டியபோது, 1980க்குள் எரிசக்தியில் சொந்தக் காலில் நிற்போம் என்று அதிபர் நிக்சன் முழங்கினார். அது நடக்கவில்லை. உருப்படியாக வந்தது 1975இல் அடுத்த அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான்: ஆபத்துக்கு உதவ நிலத்தடியில் எண்ணெய் இருப்பு, கார் கம்பெனிகள் எட்டியே தீரவேண்டிய சராசரி மைலேஜ், இரண்டும் அதில்தான் பிறந்தன. அவருக்குப் பின் வந்த கார்ட்டர் 1977இல் எரிசக்திக்குத் தனித் துறையே அமைத்தார், இரண்டு வருடம் கழித்து வெள்ளை மாளிகைக் கூரையில் தண்ணீர் சுடவைக்கும் சூரியத் தகடுகளையும் பதித்தார். அப்புறம் 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அதே வருடம் அதிபர் ரீகன் ஆட்சியில் கூரையைப் பழுதுபார்க்கக் கழற்றிய தகடுகளைத் திரும்ப மாட்டவே இல்லை. கார்களுக்கான மைலேஜ் அளவும் 1990 முதல் 2010 வரை கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 27.5 மைல் என்ற இடத்திலேயே நின்றுவிட்டது, இதற்கு நடுவில் எஸ்.யூ.வி.க்களை லாரிக் கணக்கில் சேர்த்து அவற்றுக்கு இன்னும் குறைந்த அளவு போதும் என்று விட்டதில், ஜனங்கள் கும்பலாக அந்தப் பக்கம் தாவினார்கள். விலை மலிந்த காலத்தில் அளவை உயர்த்தியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது, ஆனால் அப்போது இப்படிக் கேள்வி அனுப்பவும் ஆளில்லை!

கேள்வி: உள்நாட்டிலேயே நிறையத் தோண்டினால் விலை குறையாதா?

பதில்: 2018 முதல் உலகிலேயே அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். அப்படியும் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த 2022இல், ஜூன் மாதம் ஒரு கேலனின் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியது. டெக்சாஸில் எடுத்த எண்ணெய் என்பதற்காக டெக்சாஸ்காரருக்குத் தள்ளுபடியா தருவார்கள்? உலகச் சந்தை என்ன விலை சொல்கிறதோ அதுதான்.

கேள்வி: வரியையாவது குறைக்கலாமே?

பதில்: அப்போதைய அதிபர் பைடன் அந்தக் கோடையிலேயே கேட்டுப் பார்த்தார், மூன்று மாதம் மத்திய வரியை நிறுத்திவைக்கலாம் என்று. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கண்டுகொள்ளவில்லை, என்னைக் கேட்டால் அது சரிதான். அந்த வரி கேலனுக்கு வெறும் 18.4 சென்ட், 1993க்குப் பிறகு ஏறவே இல்லை. அதை நம்பியிருக்கும் நெடுஞ்சாலை நிதிக்கு 2008இலிருந்தே பொதுக் கஜானாவிலிருந்துதான் அடிக்கடி எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.